மனாவுஸ்: சாலை எட்டாத ஊரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எதற்கு?

திண்ணைவாசி

நேற்று இரவு தூக்கம் வராமல் பிரேசில் வரைபடத்தை மேய்ந்துகொண்டிருந்தேன். அமேசான் காட்டின் பச்சைக்கு நடுவே ஒரு பெரிய சாம்பல் திட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் மனாவுஸ். 2022 கணக்கெடுப்பின்படி 20 லட்சத்துக்கும் மேல் மக்கள். கடலுக்கு ஆற்று வழியே ஏறத்தாழ 1500 கிலோமீட்டர். தெற்கே சாவோ பாவுலோ பக்கம் போக ஒழுங்கான சாலை கிடையாது. ஆனால் பிரேசிலில் தயாராகும் மோட்டார் சைக்கிள்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஊரில்தான் பாகம் சேர்த்துப் பூட்டப்படுகின்றனவாம். தொலைக்காட்சிப் பெட்டிகளும் அப்படியே.

காட்டுக்குள் யார் போய் மோட்டார் சைக்கிள் செய்யச் சொன்னது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். "தேடிப் பாரேன்" என்று பதில் போடப்போகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு.

பழுப்புத்தாள்

மோட்டார் சைக்கிளுக்கு வருமுன் ரப்பரைத் தாண்டியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1669இல் போர்த்துக்கீசியர் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் ஒரு சிறு கோட்டை கட்டினார்கள். மனாவோஸ் என்ற பூர்வகுடிகளின் பெயர்தான் பின்னால் ஊருக்கு வந்தது. அந்தக் குடியின் தலைவன் அஜூரிகாபா, அடிமை பிடிக்க வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு, பிடிபட்டு, விலங்கோடு ஆற்றில் குதித்து உயிரை விட்டான் என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். 1720களின் கதை. அந்த மக்களை அழித்துத் தீர்த்த பிறகு, 1856இல் அவர்கள் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்.

அப்போதும் அது ஒரு பெரிய கிராமம்தான். 1839இல் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். உலகமே ரப்பர் ரப்பர் என்று அலைந்தது. நல்ல ரப்பர்ப் பால் தரும் மரம் அன்றைக்கு அமேசான் காட்டில் மட்டும்தான் இருந்தது. அதே காலத்தில் பிரேசிலின் வடகிழக்கில், சியாரா பக்கம், 1877 முதல் 1879 வரை கொடிய பஞ்சம். பிழைக்க வழியில்லாத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி அமேசானுக்கு வந்தார்கள்.

வந்தவனுக்குக் கத்தி, மாவு, உப்பு, துப்பாக்கி, துணி எல்லாம் முதலாளி கொடுப்பான். எல்லாம் பற்றில்தான். கணக்கு முதலாளியின் கடையில் இருக்கும், விலையும் அவன் வைத்ததே. பால் எடுத்துப் புகையில் உருட்டிக் கொண்டுவந்து போட்டால் பற்றில் கழிப்பான். முழுசாகக் கழிந்ததே இல்லை. அந்த முதலாளிக்கும் மேலே மனாவுஸ் வணிகர்களிடமும், கடலோரம் ஆற்றின் வாயில் உள்ள பெலேம் வணிகர்களிடமும் பற்று. அவர்களுக்கு லண்டன், லிவர்பூலில் பற்று. கடன் மேலிருந்து கீழே இறங்கும், ரப்பர் கீழிருந்து மேலே ஏறும். மனாவுஸ் அந்த ஏணியின் நடுப்படி. நாடகக் கொட்டகை, மின்சார டிராம், தெருவிளக்கு எல்லாம் அந்த நடுப்படியில் சிந்தியதில் வந்தவை.

திண்ணைவாசி

நாடகக் கொட்டகை என்றால் அந்தப் பெரிய குவிமாடக் கட்டடம்தானே? அங்கே இத்தாலிய ஆபரா பாடகர் கரூசோ வந்து பாடினார் என்று எங்கோ படித்த ஞாபகம்.

பழுப்புத்தாள்

அதேதான், அமசோனாஸ் அரங்கு. கரூசோ அங்கே பாடவே இல்லை. அது சும்மா கிளப்பிவிட்ட கதை, ஆனால் சாகமாட்டேன் என்கிறது. 1884இல் வேலை தொடங்கி, நடுவில் நின்று, 1896 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள். பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. இருக்கைகள் ஏறத்தாழ 700 மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்துப் பிரம்மாண்டமாகக் கற்பனை செய்துகொண்டு உள்ளே போனால், அடக்கமான அரங்கு.

சுடுகேள்வி

பெருமையைப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பேசுவோம். பெரு, கொலம்பியா எல்லையில் புத்துமாயோ ஆற்றுப் பக்கம் உயிதோதோ என்ற பூர்வகுடி மக்களை அடித்தும் பட்டினி போட்டும் ரப்பர் எடுக்க வைத்த பெரு நாட்டு முதலாளி அரானாவின் கம்பெனிக்கு மனாவுஸிலும் அலுவலகம் இருந்தது. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை 1912இல் வெளிவந்தது. அந்தக் கொட்டகையின் ஒவ்வொரு ஓட்டிலும் அந்த ரத்தம் இருக்கிறது.

பழுப்புத்தாள்

கேஸ்மென்ட் எழுதியதில் மறுக்க ஒன்றுமில்லை. காலக்கணக்கை மட்டும் திருத்துகிறேன். கொட்டகை 1896இல் திறந்தது. அரானா மனாவுஸில் கால் ஊன்றியது அதற்குப் பிறகு. கொட்டகைக்குப் பணம் வந்தது ரப்பர் ஏற்றுமதி வரியிலிருந்து, அதாவது மேலே சொன்ன பற்று வழியில் சிக்கியவர்களின் உழைப்பிலிருந்து. அதுவே போதுமான குற்றம், இன்னொருவன் பாவத்தை இதில் ஏற்ற வேண்டியதில்லை.

பேராக் பேத்தி

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், கை சும்மா இருக்கவில்லை. மனாவுஸ் ஏன் விழுந்தது என்பதில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. நான் மலேசியாவில் ஈப்போ. என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்.

1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றோரத்திலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது 3000கூட இல்லை. அதில் ஏறத்தாழ 1900 கன்றுகள் இலங்கைக்குப் போயின, கம்பஹா பக்கம் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ரிட்லி என்ற தாவரவியலாளர் மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பால் எடுக்கும் வெட்டு முறையைச் சரிப்படுத்தினார். ரப்பர் நடுங்கள், நடுங்கள் என்று பார்க்கும் தோட்டக்காரர்களை எல்லாம் பிடித்துத் தொல்லை செய்ததால் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர்.

மரம் வந்துவிட்டது, வெட்ட ஆள்? அதற்குத்தான் ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணிகள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார்கள். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டமாகவே போட்டு, கப்பல் கட்டணத்துக்குத் தோட்டங்களிடம் பணம் வசூலித்தார்கள். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. அப்போது மனாவுஸ்காரர்கள் இனி நமக்கு என்றைக்கும் குறைவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். 1913இல் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசில் ரப்பரைத் தாண்டிவிட்டது. அங்கே விளக்கு அணைந்தது.

பழுப்புத்தாள் ஐயா சொன்ன அந்தப் பற்றுக் கணக்கைப் படித்ததும் திக்கென்றது. எங்கள் பக்கம் முதலாளிக்குப் பதில் கங்காணி, காட்டுக்குப் பதில் லயம் என்ற வரிசை வீடு. கடன் அதே கடன்.

சுடுகேள்வி

விக்காம் திருடன் என்று நேராகவே சொல்லலாமே அக்கா. பிரேசிலில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பேராக் பேத்தி

சொல்லலாம்தான். ஆனால் அன்று ரப்பர் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பிரேசிலில் சட்டம் இல்லை. திருட்டுக் கதையை விக்காமே பின்னாளில் மசாலா தடவிச் சொன்னார், தன்னை வீரனாகக் காட்டிக்கொள்ள. தவிர, விதை போனதால் மட்டும் பிரேசில் தோற்கவில்லை. அங்கேயும் தோட்டமாக நட்டுப் பார்த்தார்கள். ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் 1920களின் கடைசியில் ஃபோர்டுலாந்தியா என்று ஒரு ஊரையே கட்டினார்கள். அமேசானில் ஒருவகை இலைக்கருகல் நோய் உண்டு. காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறி நிற்கும்போது மரம் தப்பிக்கும், நெருக்கி வரிசையாக நட்டால் இலையிலிருந்து இலைக்குத் தாவி மொத்தமாகக் காலி. எங்கள் பக்கத்துக்கு அந்த நோய் வரவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் பாட்டிக்கு வேலை கிடைத்தது.

நிலவரை

ஊரின் அமைப்பை யாரும் தொடவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மனாவுஸ் மண்ணை உள்ளங்கை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விரல்களுக்கு இடையில் உள்ள பள்ளமெல்லாம் ஓடைகள். இகரப்பே என்பார்கள், பூர்வகுடி மொழியில் தோணி போகும் வழி என்று பொருள். பழைய ஊர் இந்த ஓடைகளைச் சுற்றியே இருந்தது. 1890களில் ஆளுநராக இருந்த எதுவார்து ரிபெய்ரு, பொறியியல் படித்த இராணுவக்காரர், கறுப்பினத்தவர், ஓடைகளைத் தூர்த்துச் சதுரம் சதுரமாகத் தெரு போட்டார். இன்று நகர நடுவில் அவர் பெயரில் உள்ள அகலமான சாலை, அந்த நாளில் எஸ்பிரித்து சாந்து என்ற ஓடை. ஓடையின் மேல்தான் கார்கள் போகின்றன. தூர்க்க முடியாத ஓடைக்கு இரும்புப் பாலம். 1895இல் போட்ட ஒன்று இப்போதும் நிற்கிறது.

துறைமுகம் தனி அழகு. ரியோ நெக்ரோ ஆண்டுக்கு 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நிலையான மேடை கட்டினால் பாதி வருஷம் மூழ்கும், மீதி வருஷம் கப்பலுக்கு எட்டாது. அதனால் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று 1900களின் தொடக்கத்தில் மிதக்கும் மேடையே கட்டிவிட்டது. ஆறு ஏறினால் மேடையும் ஏறும். துறைமுகச் சுவரில் ஒவ்வொரு ஆண்டும் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1902இலிருந்து அளவு உண்டு.

ரப்பர் விழுந்த பிறகு காட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊரில் நிலமில்லை. மரக்கட்டைகளைக் கட்டி அதன் மேல் வீடு போட்டு ஆற்றிலேயே இருந்தார்கள். 1960களில் அப்படி ஏறத்தாழ 2000 வீடுகள்: கடை, தேவாலயம், சாராயக்கடை எல்லாம் மிதந்தன. 1967 வாக்கில் அரசு மொத்தத்தையும் கலைத்தது. மிதந்தவர்கள் ஓடைக்கரைகளில் கால்நட்ட வீடுகளுக்குப் போனார்கள். 2000களின் நடுவில் புரோசமிம் என்ற திட்டத்தில் அந்தக் கரைகளிலிருந்தும் பலரை எழுப்பி அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள்.

இன்றைக்கு மேற்கே பொந்த நேக்ரா ஆற்றுமணலைப் பார்த்தபடி பணக்காரக் கோபுரங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஒரே இரவில் காட்டை வெட்டிப் பிடித்த குடியிருப்புகள். அதற்கு உள்ளூரில் பெயரே "படையெடுப்பு". வடகிழக்கில் ஊர் போய் டுக்கே காப்புக்காட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது. வானிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நூறு சதுர கிலோமீட்டர் கரும்பச்சை, மறுபக்கம் தகரக்கூரை, நடுவில் கத்தியால் வெட்டினதுபோல் ஒரு கோடு.

திண்ணைவாசி

அருமை. ஆனால் மோட்டார் சைக்கிள் இன்னும் வரவில்லை.

மோட்டார்மணி

நான் வரலாம் போலிருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து 2024 கடைசி வரை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம்.

விஷயம் எளிது: வரி. ரப்பர் போன பிறகு ஐம்பது வருஷம் ஊர் தூங்கியது. நடுவில் 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் இல்லாமல் போய், மறுபடி வடகிழக்கிலிருந்து "ரப்பர்ப் படைவீரர்கள்" என்று ஆள் திரட்டிக் காட்டுக்குள் அனுப்பினார்கள். போர் முடிந்ததும் மறந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. 1967 பிப்ரவரி 28 அன்று அன்றைய இராணுவ அரசு ஓர் ஆணை போட்டு மனாவுஸைத் தீர்வையற்ற வட்டாரமாக்கியது. காட்டில் ஆள் இல்லாவிட்டால் அடுத்தவன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு. நிர்வகிக்கச் சுஃப்ராமா என்று ஓர் அமைப்பு.

முதலில் அது வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைத்தெருவாகத்தான் ஓடியது. தெற்கிலிருந்து விமானமேறி வந்து டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு போவார்களாம். 1990இல் நாடு முழுக்க இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அந்தக் கடைத்தெரு படுத்தது. தப்பித்தவை தொழிற்சாலைகள். ஹோண்டா 1976இலேயே வந்துவிட்டது.

சும்மா பெட்டியைப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டினால் சலுகை கிடைக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்தெந்த வேலை அங்கேயே நடக்க வேண்டும் என்று பட்டியல் உண்டு: இந்தத் தகட்டை இங்கே வெல்டிங் செய், இந்தப் பலகையில் இங்கே சாலிடர் வை என்று. அந்தப் பட்டியலை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே. கோலா பானத்தின் அடர்சாறுகூட அங்கே தயாராகிறது, அதே வரிக் காரணம்தான்.

சுடுகேள்வி

ஆக, மற்ற ஊர்க்காரன் கட்டும் வரியில் காட்டுக்குள் டிவி பூட்டுகிறார்கள். இதைப் பொருளாதாரம் என்று சொல்வதே தப்பு. பாகம் ஆசியாவிலிருந்து, வாங்குகிறவன் சாவோ பாவுலோவில், நடுவில் எதற்கு ஒரு அமேசான் சுற்றுலா?

மோட்டார்மணி

சரி, நியாயமான கேள்வி. பாகங்கள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து கப்பலில் வரும், கடலிலிருந்து அமேசானுக்குள் நுழைந்து மேலேறும். பூட்டிய சரக்கு லாரியில் ஏறும், லாரி தட்டையான படகில் ஏறும், படகு ஐந்து நாள் போல மிதந்து பெலேமுக்குப் போகும், அங்கிருந்து சாலை. கேட்கவே கிறுக்குத்தனம்தான்.

ஆனால் ஒன்றை நானே பார்த்தேன். என் வரிசையில் வேலை பார்த்த பெண் உள்ளாற்றுக் கிராமத்திலிருந்து வந்தவர். அவருடைய இரண்டு அண்ணன்மாரும் ஊரில் இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேன். "மரம் வெட்டுவார்கள், வேறென்ன" என்றார். தொழிற்சாலை மக்களை ஊருக்குள் இழுத்துவைத்ததால் அமசோனாஸ் மாநிலத்தில் காடு மிஞ்சியது என்று சுஃப்ராமாக்காரர்கள் சொல்வதை நான் முழுசாக நம்புகிறவனில்லை. சாலை இல்லாததும் ஒரு பெரிய காரணம். முழுப்பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சலுகைக்கு 2014இல் அரசியலமைப்பையே திருத்தி 2073 வரை ஆயுள் கொடுத்திருக்கிறார்கள்.

நிலவரை

சாலை என்றதும் பிஆர்-319 என்ற நெடுஞ்சாலையைச் சொல்லியாக வேண்டும். மனாவுஸிலிருந்து தெற்கே போர்த்தோ வேல்யோ நகருக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 1976இல் திறந்தார்கள், பராமரிப்பில்லாமல் 1980களின் கடைசியில் காடும் சேறும் விழுங்கிவிட்டன. நடுவில் 400 கிலோமீட்டர் மழைக்காலத்தில் போக முடியாது. மறுபடி தார் போடலாமா என்று வருஷக்கணக்காக வழக்கும் சண்டையும். போட்டால் அதன் இரு பக்கமும் மீன்முள் மாதிரிக் கிளைச்சாலைகள் முளைத்துக் காடு போகும் என்பது ஒரு தரப்பு.

சுடுகேள்வி

2021 ஜனவரியில் மனாவுஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்களே. விமானத்திலும் படகிலும் கொண்டுவர வேண்டியிருந்தது, வெனிசுவேலாவிலிருந்து லாரியில் வந்தது. அந்த வழிக்காவது சாலை இருந்தது. காட்டைக் காக்கிறேன் என்று அந்த மக்களிடம் நேரில் சொல்லுங்கள் பார்ப்போம்.

நிலவரை

சொல்ல முடியாதுதான். நேரத்தில் கேட்டிருந்தால் ஆற்றிலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றும் ஒரு வாதம் உண்டு. இதை இங்கேயே நிறுத்துவோம், அந்தச் சாலைக்குத் தனி இழை வேண்டும்.

மோட்டார்மணி

சாலையைவிட ஆறு பண்ணின வேலையைச் சொல்கிறேன். நான் போய் இறங்கிய இரண்டாம் மாதம், 2021 ஜூனில், துறைமுக அளவுகோல் 30.02 மீட்டர். அதுவரை இல்லாத உச்சம். நகர நடுத்தெருக்களில் பலகை நடைபாதை போட்டு, கீழே தண்ணீர் தளும்ப, மேலே நடந்து போய் மீன் வாங்கினேன். இந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே வராது என்று அன்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

2023 அக்டோபரில் 12.70. சரித்திரத்திலேயே குறைவு என்றார்கள். அடுத்த வருஷம் அதையும் தாண்டி 12.11. பெரிய கப்பல்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் தபோகால் மணல்மேட்டைத் தாண்ட முடியவில்லை. எங்கள் பெட்டிகள் வாரக்கணக்கில் கீழேயே நின்றன, வரிசை நின்றது, எங்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். 2024இல் விவரமாகி, ஆற்றின் கீழ்ப்பக்கம் இத்தாகுவாத்தியாரா ஊரில் தற்காலிக மிதவை மேடை போட்டுச் சரக்கைப் படகுக்கு மாற்றினார்கள்.

விடுப்பு நாளில் ஒருநாள் லாஜெஸ் பாறைப் பக்கம் போனேன். ஆறு இறங்கியதில் அடிப்பாறை வெளியே தெரிந்தது. அதில் முகங்கள். வட்டமாக, கண் இரண்டு பள்ளம், வாய் ஒரு கீறல். ஆயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை என்கிறார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்து அந்தக் கண்ணுக்குள் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

பேராக் பேத்தி

மணி அண்ணே, ஒரு கேள்வி. அங்கே ரப்பர் மரம் பார்த்தீர்களா? இப்போதும் வெட்டுகிறார்களா?

மோட்டார்மணி

ஊருக்கு வெளியே ஓர் ஓடையோரம் பழைய ரப்பர்க் குடியிருப்பு மாதிரி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். ஒரு படப்பிடிப்புக்குப் போட்ட அமைப்பு அது, பிறகு அப்படியே வைத்துக்கொண்டார்கள். முதலாளி வீடு, பற்றுக் கடை, புகைக்குடில் எல்லாம் உண்டு. பெரியவர் ஒருவர் மரத்தில் சாய்வாக ஒரு கீறு கீறிக் காட்டினார். பால் உடனே வந்தது. கீழே சின்னத் தகரக் கிண்ணம், பெயர் திஜெலின்யா. ஆளுக்கு ஒரு பாதை, பாதையில் நூறு, நூற்றைம்பது மரம், எல்லாம் காட்டுக்குள் தூரம் தூரமாக. விடியுமுன் இருட்டில் கிளம்ப வேண்டும், அதனால் தலையில் தகர விளக்கு ஒன்று மாட்டிக்கொள்வார்கள். பொரோங்கா என்றார்.

பேராக் பேத்தி

கிண்ணத்துக்கு எங்கள் தோட்டத்தில் மங்கு என்று பெயர். பாட்டியும் பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, முடிந்து இருட்டோடு கிளம்பிவிடுவார், தலையில் கார்பைடு விளக்கு. மரம் மட்டும் தூரம் தூரமாக இல்லை, ஒரே நேர்வரிசை, ஒரு நாளைக்கு நானூறு. அந்த விளக்கு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நாளைக்கு இறக்கித் துடைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். உங்களிடம் பொரோங்கா படம் இருந்தால் நீங்களும் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.